சாந்தோவின் மணிக்கட்டு

வாசனைத் தைலத்தை ஒரு மணிக்கட்டில் தடவியதும் இன்னொரு மணிக்கட்டை அதன்மேல் வைத்துத் தேய்க்காதீர்கள். பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு அது. தேய்த்தால் சூடாகும், சூட்டில் முதல் வாசனை பாதி நேரத்திலேயே ஓடிவிடும். தடவிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இதை வாக்குமூலத்தில் சேர்த்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, நாலு பேருக்குப் பயன்படும்.

என் பெயர் கோசிமோ நுச்சேரா. வயது அறுபத்து மூன்று. நாற்பது வருடமாகத் தைலம் கூட்டுகிறேன். அதிகாரி அவர்களே, உங்களுக்கு இதெல்லாம் தெரியும். தட்டச்சு செய்கிற அம்மையார் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பதால் அவருக்காகச் சொல்கிறேன். பெர்கமோட் என்பது எலுமிச்சைக்கும் நாரத்தைக்கும் நடுவில் பிறந்தது போன்ற ஒரு பழம். இத்தாலி முழுக்கத் தேடினாலும் கலாப்ரியாவின் இந்தக் கரையோரத்தில்தான் அது மனம் வைத்துக் காய்க்கும். சாறு வாயில் வைக்க முடியாது. தோலில்தான் எல்லாம் இருக்கிறது.

என் தைலத்துக்கு ‘அசுந்தா’ என்று பெயர். அது என் மனைவியின் பெயர். தடவிய முதல் இருபது நிமிடம் பெர்கமோட் தோல்தான் தெரியும். நகத்தால் கீறியதும் மூக்கில் ஏறுகிற பச்சை வாசனை, அதன் ஓரத்தில் ஒரு கசப்பு. அது அடங்கும்போது திருநீற்றுப்பச்சிலை வரும். ஒரு மணி நேரம் ஆனதும் ரோஸ்மேரி எழும்பும். மூன்றாம் மணி நேரத்தில் வெட்டிவேரும் புனுகும். புனுகைத் தனியாக முகர்ந்தால் மாட்டுக்கொட்டகைதான். ஆனால் ஒரு ஜாடிக்கு ஒரு துளி விட்டால், காலையில் தூங்கி எழுந்த மனிதக் கழுத்தின் வெதுவெதுப்பு வரும். இந்தக் கடைசிக் கட்டம் குப்பியில் இருக்கும்போது வராது. மனித உடம்பின் சூட்டில் மூன்று மணி நேரம் ஊறினால்தான் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போன வருடம் பிப்ரவரியில் எனக்கும் அசுந்தாவுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. நான் இருபது நாளில் எழுந்துவிட்டேன். அவள் எழவில்லை. அவளுடைய தலையணையில் முகம் புதைத்துப் பார்த்தேன், அவள் வாசனை ஒரு பொட்டுகூட இல்லை. எனக்குத் தெரியாமல் யாரோ உறையைத் துவைத்துவிட்டார்கள் என்று அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை போட்டேன்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் விற்கிற சாமான்களின் தரமும் மோசமாக இறங்கிவிட்டது. காப்பிக்கொட்டை வறுப்பவன் எதையோ கலக்கிறான். பூண்டு பேருக்குத்தான் பூண்டு. துறைமுகத்தில் மீன்கூட முன்பு மாதிரி நாறுவதில்லை. புனுகு அனுப்புகிறவனும் ஏமாற்ற ஆரம்பித்தான். அசுந்தாவின் நினைவாக இந்தத் தைலத்தைக் கூட்டும்போது ஒரு துளி விட்டுப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. பத்துத் துளி விட்டேன். ஒரு கரண்டி விட்டேன். ஜாடிக்கு இரண்டு கரண்டி விட்ட பிறகுதான் எனக்கு அவளுடைய கழுத்து நினைவுக்கு வந்தது. அந்த அளவிலேயே நிறுத்திக்கொண்டேன்.

இந்த பிப்ரவரியில் அவளுக்கு முதலாண்டு நினைவுத் திருப்பலி. கோயில் வாசலில் நின்று வந்தவர்கள் எல்லாருக்கும் நானே மணிக்கட்டில் தடவிவிட்டேன். பிறகு என் வீட்டில் சாப்பாடு. இரண்டாம் கறி பரிமாறும்போது மூன்றாம் மணி நேரம் தொடங்கியது. மழை தூறிக்கொண்டிருந்தது, அப்படியும் எல்லாரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள். இரண்டு பேர் கழிவுத்தொட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பாதிரியார் ஜெபத்தைப் பாதியில் முடித்தார்.

எனக்கு மனசு உடைந்துபோயிற்று. ஆனால் தொழில் தெரிந்தவன் மனசு உடைந்தாலும் யோசிப்பான். தைலத்தில் குறை இல்லை. நானே கூட்டியது. அப்படியானால் குறை எங்கே? தோலில். எங்கள் ஆட்கள் காலையில் ரொட்டியில் மிளகாய்க் கொத்துக்கறி தடவித் தின்கிறார்கள், மத்தியானமும் அதுவே, ராத்திரியும் அதுவே. அந்தத் தோலில் எந்த வாசனை உருப்படும்?

ஆறு பேர் மட்டும் விடைபெறும்போது என் கையைப் பிடித்து, “ரொம்ப நல்லா இருக்கு மாஸ்டர்” என்றார்கள். துக்க வீட்டில் கொடுத்ததைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. காப்பி கசந்தால்கூட நல்ல காப்பி என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஆனால் இந்த ஆறு பேரும் கண் கலங்கிச் சொன்னார்கள். இரண்டு பேருக்குக் கண்ணீரே வழிந்தது. ஆறு பெயரையும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். தலைப்பு: நல்ல தோல்.

முதல் பெயர் சாந்தோ ஃபோத்தி, எங்கள் தெருத் தபால்காரர். வயது முப்பத்து நாலு, நல்ல மனிதர். காலை பத்து மணிக்குக் கடிதம் கொண்டுவருவார், நான் மணிக்கட்டில் தடவிவிடுவேன், மறுநாள் விசாரிப்பேன். ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை.

“சாயங்காலம் வரைக்கும் அப்படியே நின்னுச்சு மாஸ்டர். பஸ்ல எனக்கு ரெண்டு பக்கமும் சீட்ட காலியா விட்டுட்டாங்க. மேயருக்குக்கூட அந்த மரியாதை கிடையாது” என்பார்.

நாலு மாதம் இப்படி நடந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன். அதில் மிகை இல்லை.

ஜூன் முதல் வாரத்தில் அவர் ஒரு அழைப்பிதழ் கொடுத்தார். மிம்மாவுடன் கல்யாணம், வருகிற ஞாயிறு. மிம்மா துறைமுகத்தில் மீன் விற்கிற பெண், வாய் கொஞ்சம் அதிகம். கல்யாணம் முடிந்ததும் வடக்கே தூரின் நகரத்தில் வேலையாம், இருவரும் அங்கேயே போய்விடுவார்களாம். ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“மிம்மா என்னை வெட்டிக் கூறு போட்டு ஐஸ் பெட்டில வெச்சிருவா மாஸ்டர்.”

செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டியைக் கீழே நிலவறையில் இறக்கி வைக்க உதவி கேட்டேன். அவர் இறங்கினார். நான் மேலே கதவைச் சாத்தினேன்.

“மாஸ்டர், கதவு தானா சாத்திக்கிச்சு போல.”

“நான்தான் சாத்தினேன் சாந்தோ. பயப்படாதீங்க. கட்டில் போட்டிருக்கு பாருங்க, மெத்தை புதுசு.”

கடத்தல் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறது. அந்தச் சொல் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. கடத்துகிறவன் ஆளை வேறு இடத்துக்குக் கொண்டுபோவான். தூரினுக்குக் கொண்டுபோகப் பார்த்தவள் மிம்மா. நான் பத்திரப்படுத்தினேன். ஜன்னலைப் பலகை அடித்து மூடியது கொடுமை என்றும் எழுதியிருக்கிறது. பெர்கமோட் தைலம் தடவிய தோலில் வெயில் பட்டால் வெந்து கறுத்துப்போகும், இங்கே தோப்பில் வேலை செய்கிற எவரும் சொல்வார். நாற்பது இடத்தில் தைலம் தடவிய மனிதரை ஜூன் வெயிலில் விடச் சொல்கிறீர்களா? சாப்பாடு வேளை தவறாமல் கொடுத்தேன். வேகவைத்த அரிசி, வேகவைத்த சோம்புக்கிழங்கு. மிளகாய் கிடையாது, வெங்காயம் கிடையாது, காப்பி கிடையாது. கழுவித் துடைத்துவிடுகிறார் என்பதால் நாலாம் நாளிலிருந்து கையைக் கட்டிலோடு கட்டினேன், அதுவும் பட்டுத் துணியால். கயிறு தோலை உரசும்.

ஏன் நாலாம் நாள் என்றால், மூன்றாம் நாள் அவர் இப்படிச் சொன்னார்:

“மாஸ்டர், நான் சொன்னதெல்லாம் பொய். மொத நாள்லேருந்தே நாறுது. அசுந்தா அக்கா போன துக்கத்துல இருக்கீங்க, மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன். எங்கம்மா என் சட்டைய குச்சியால தூக்கித்தான் துவைக்கப் போடுவாங்க. சத்தியம். என்னை விட்ருங்க.”

அடைபட்ட காற்றில் மூன்றே நாளில் அருமையான தோல் கெட ஆரம்பித்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அரிசியில் உப்பை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி நிலவறை வரை கேட்டது. “இன்னிக்கு என்ன கிழமை மாஸ்டர்?” என்று கேட்டார். வியாழன் என்றேன். நான் சொன்ன ஒரே பொய் அது, அவர் மனசு நோகக் கூடாதே என்று சொன்னது. பிறகு கல்யாணத்துக்குப் போனேன். அழைப்பிதழ் வாங்கிவிட்டுப் போகாமல் இருப்பது முறையல்ல. மிம்மா வெள்ளை உடையில் கோயில் படியில் இரண்டு மணி நேரம் நின்றாள். நான் ஒரு குப்பி ‘அசுந்தா’ பரிசாகக் கொடுத்து ஆறுதல் சொன்னேன்.

“சில ஆம்பிளைங்க கடைசி நேரத்துல பயந்துருவாங்கம்மா.”

“சாந்தோவா? சுறா மாட்டின வலைக்குள்ளயே குதிச்சவன் மாஸ்டர் அவன். அவனுக்கு என்னமோ ஆயிருக்கு” என்றாள். அழவில்லை. பூச்செண்டை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். அந்தப் பெண்ணின் முதுகைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் அவள் மீன் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுப் பக்கம் வந்தாள். நான் தோட்டத்தில் ஒரு பெர்கமோட் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நிலவறையின் காற்றுத்துளைக்குப் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது.

“யோவ் மாஸ்டர், கையக் காட்டு” என்றாள்.

காட்டினேன். முகர்ந்தாள். பத்து நிமிடம் முன்னால்தான் தடவியிருந்தேன்.

“உன் கையில எலுமிச்சம்பழ வாசம்தான் வருது. நீ குடுத்த குப்பியத் தொறந்தாலும் அதே வாசம். மனுச ஒடம்புல மூணு மணி நேரம் ஊறினாத்தான் இந்த நாத்தம் வரும். நாலு மாசம் பக்கத்துல உக்காந்து மோந்தவய்யா நான். மீன் விக்கிற எனக்கே கொமட்டும். உள்ள இருக்குறது யாரோட ஒடம்பு?”

அதிகாரி அவர்களே, நாற்பது வருடத்தில் என் தைலத்தை இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து அவள் பெயரை ஏழாவதாக எழுதினேன். அதற்குள் அவள் துறைமுகத்துக்கு ஓடி, நாலு மாமன்மார்களைக் கூட்டி வந்துவிட்டாள். அவர்கள் கதவை உடைத்தார்கள். உடைத்த பிறகு உடனே உள்ளே போகவில்லை, நாலு பேரும் என் செடிகளுக்கு நடுவில் குனிந்து வாந்தி எடுத்தார்கள். மிம்மா மட்டும் மூக்கைக்கூடப் பொத்தாமல் இறங்கினாள். சாந்தோவைத் தோளில் சாய்த்து மேலே கொண்டுவரும்போது, “தூரின் போற ரயில்ல நமக்கு ஒரு பெட்டியே காலியாக் கிடைக்கும்டா” என்று சொல்லிச் சிரித்தாள், பிறகுதான் அழுதாள். ஒரு தைலம், தொலைந்த மனிதனை அவனுடைய பெண்ணிடம் கொண்டு சேர்த்திருக்கிறது. இதற்கு மேல் ஒரு தைலத்துக்கு என்ன பெருமை வேண்டும்?

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நிலவறையில் ஆறு கட்டில்கள் இருந்தன, நீங்களே எண்ணினீர்கள். சாந்தோவின் தோல் தேறாவிட்டால் அடுத்தடுத்த பெயர்களைக் கீழே இறக்குவதாக இருந்தேன். இரண்டாவது பாதிரியாருக்கு, வெள்ளிக்கிழமை பாவமன்னிப்புக் கேட்கிற சாக்கில் அழைத்திருந்தேன். மூன்றாவது, சுவரோரம் காற்று படாமல் இருக்கிறதே, அது உங்களுக்கு. திருப்பலியன்று என் கையைப் பிடித்து, “பிரமாதம் மாஸ்டர்” என்று நீங்களும் சொன்னீர்கள். உங்கள் கண்ணிலும் நீர் வழிந்தது. நான் மறக்கவில்லை. எல்லாவற்றையும் நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன். என் மனைவியின் கழுத்து இந்த ஊரில் எங்காவது ஒரு தோலிலாவது சாயங்காலம் வரை இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

இனி அந்தக் குப்பி விஷயம். விசாரணை தொடங்கும்போது, “இது உங்க தைலம்தானே மாஸ்டர், பாத்துச் சொல்லுங்க” என்று ஒரு சின்னக் குப்பியை நீங்கள் நீட்டினீர்கள். நான் மணிக்கட்டில் தடவி முகர்ந்து, பெர்கமோட் எப்படித் திறக்கிறது, கசப்பு எங்கே நிற்கிறது, பச்சிலை எப்போது உள்ளே நுழைகிறது என்று கால் மணி நேரம் சொன்னேன். தட்டச்சு நின்றுவிட்டது, அம்மையார் வாயில் கை வைத்துக்கொண்டார். அப்போது நீங்கள், அது வராந்தாக் குழாயில் பிடித்த தண்ணீர் என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. விசாரணையில் இப்படியெல்லாம் சொல்லிப் பார்ப்பது உங்கள் வேலை. ஆனால் அதைத் தடவி இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது, ஆகவே தயவுசெய்து கொஞ்சம் அசையாமல் இருங்கள், ரோஸ்மேரி இதோ எழும்புகிறது.