ஐந்து ராடார், ஒரு விமானம்

ரொக்ஸ்பரோ புறநகரிலிருந்து வரும் ரயிலில், என் எதிர் இருக்கைப் பெண் அருகிலிருந்த தன் அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு விமானத்தை அஞ்சு நாட்டு ராடார் கண்டிட்டுது அண்ணை. திரையில அஞ்சு விமானம்! சோதனை எண்டபடியால் தப்பினம், இல்லாட்டி அஞ்சு ஏவுகணை போயிருக்கும்."

நேச நாடுகளின் வான் பாதுகாப்பை ஒரே திரையில் இணைக்கும் மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலையாம்.

"பேந்து என்ன செய்தனீங்கள்?"

"ஒரே நேரம், ஒரே இடம், ஒரே உருவம் எண்டா அது ஒண்டுதான் எண்டு சிஸ்டத்துக்குச் சொல்லிக் குடுத்தம்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இதைத்தான் அம்மாவுக்கும் விளங்கப்படுத்தவேணும். மாதா கோயில் மாமிமார் அஞ்சு பேர் என்னை ஒரு பொம்பிளைப் பிள்ளையோட கண்டிட்டுப் போன் பண்ண, அம்மா அஞ்சு பிள்ளையள் எண்டு அழுகிறா. நீ சொன்னா நம்புவா."

"நானும் சேர்த்துப் பாத்தனான். நாலு மாமிமார் கண்டது சனிக்கிழமை பின்னேரம், மெட்ரோ வாசல்ல, நீட்டுத் தலைமயிர்ப் பிள்ளை. அது ஒண்டுதான்."

"அஞ்சாவது?"

"மேரி மாமி. ஞாயிறு பூசை நேரம், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஆத்தங்கரையில. கட்டைத் தலைமயிராம்."

அண்ணன் அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"உங்கட சிஸ்டம் இன்னும் சோதனையிலதானே?" என்று கேட்டான்.