முனைக் கடை வாடகைக்கு இல்லை

இந்த வெயிலில் கடை பார்க்க வந்திருக்கிறீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள். தேனி ரோட்டில் இந்தப் பக்கம் நிழல் என்றால் என் காம்ப்ளக்ஸ் வராந்தாதான். எதிரே பல்கலைக்கழக வாசல். பஸ்ஸை விட்டு இறங்குகிற பிள்ளைகள் நேராக நம் படியில்தான் கால் வைப்பார்கள். டீக்கடைக்கு அடுத்து இரண்டு கடைகள் காலியாக இருக்கின்றன. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முனைக் கடையைத்தான் கேட்கிறீர்கள். வருகிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். டீக்கடையில் அதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள். நீங்கள் வெளியூர், நிதானமான மனிதராகவும் தெரிகிறீர்கள். அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

இது எங்கள் அப்பாவின் புஞ்சை. கடலை போட்டால் பாதி சொத்தையாக இருக்கும். பல்கலைக்கழகம் வந்த பிறகு நான் கட்டடம் எழுப்பினேன். கட்டி முடித்த வருஷம் என் தங்கச்சி அன்னக்கொடியின் புருஷன் லாரியில் அடிபட்டு இறந்துபோனான். அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அழகம்மாள்; நாங்கள் அழகு என்று கூப்பிடுவோம். காரியத்தன்று சொந்தபந்தம் எல்லாம் பந்தலில் இருக்கும்போது நான் எழுந்து நின்று சொன்னேன்: "முனைக் கடை என் தங்கச்சிக்கு. வாடக கெடையாது. அண்ணன் செய்யிற சீரு இது." பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் கூடப்பிறந்தவளுக்குச் சீர் செய்தவனுக்குத் தனி மரியாதை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

அன்னக்கொடி அதில் நோட்டு, பேனா, ஹாஸ்டல் பிள்ளைகளுக்குச் சோப்பு, சீப்பு என்று விற்றாள். நன்றாகவே ஓடியது. அழகு வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். சாயங்காலம் வந்ததும் பையைக் கடையில் எறிந்துவிட்டு என்னிடம் ஓடி வருவாள். என் மடியில் உட்கார்த்தித்தான் அவளுக்குக் காது குத்தினோம். அதிலிருந்து இந்த மடி தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பிறகு ஒரு பேங்க்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முனைக் கடையையும் ஒட்டியிருக்கும் இரண்டையும் இடித்து ஒரே ஹாலாகக் கேட்டார்கள். முனை இல்லாவிட்டால் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். பேங்க் வந்தால் மாடி எடுக்கலாம், மருந்துக் கடை வரும், டாக்டர் வருவார். பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னதும் வேறு கடைக்கு மாறிக்கொண்டார்கள். தங்கச்சியிடம் எப்படிக் கேட்பது? கேட்டிருந்தால் அன்றைக்கே சாவியைத் தந்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் கேட்டவன் ஆகிவிடுவேன். அவளாகவே வேண்டாம் என்று போக வேண்டும். யோசித்துப் பார்த்தால் நீங்களும் இதைத்தான் நினைத்திருப்பீர்கள்.

திருமங்கலத்தில் ஒரு கடை வாசலில், குறுக்கே அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைக்காரர் சீக்கிரமே காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. செவ்வாய், வெள்ளி காலையில் அவள் வருவதற்கு முன்னால் ஷட்டர் அடியில் ஒரு பழம் வைத்தேன். முதல் தடவை விளக்குமாற்றால் தள்ளிவிட்டாள். பிறகு கறுப்புக் கயிறும் கொஞ்சம் தலைமுடியும் சேர்த்து வைத்தேன். அன்றைக்குப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எவனோ செய்வினை வைக்கிறாண்ணே," என்று அழுதாள். "நான் இருக்கேன்ல," என்றேன். மனசு கேட்காமல்தான் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் அழகுக்குக் காய்ச்சல் வந்தது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. அன்னக்கொடி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். "கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குண்ணே. நம்ம காம்ப்ளக்ஸ் டைலர் தவசி பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாரு. வீட்டுப் பக்கத்துல கோடாங்கிகிட்டப் போகச் சொல்றாக. நீ சொல்லு, எங்க போக?"

எனக்கு ஒரு தடவை மஞ்சள்காமாலை வந்திருக்கிறது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் கார் வாசலில்தான் நின்றது. ஆனால் ஆஸ்பத்திரியில் குணமாகிவிட்டால் அது வெறும் நோய் என்று ஆகிவிடும். பழத்துக்கு அவள் பயப்பட மாட்டாள். பேங்க்காரர்கள் கொடுத்த தவணையும் முடிகிற நேரம். "செய்வினைக்கு ஊசி என்னத்தா செய்யும்," என்றேன். நானே ஓட்டிப் போனேன்.

கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி பார்த்தார். "வச்சது வெளியாளு இல்ல, உன் ரத்தம்," என்றார். அன்னக்கொடிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "எனக்கு ரத்தம்னா எங்கண்ணன் ஒருத்தருதான் சாமி. வேற பாத்துச் சொல்லுங்க." அவர் விபூதி போட்டு, கயிறு கட்டி அனுப்பினார். திரும்புகிற வழி முழுக்கப் பிள்ளை என் தோளைத் தொட்டு, "மாமா, மெதுவா ஓட்டு, வயிறு வலிக்குது," என்றது. மெதுவாகத்தான் ஓட்டினேன். அந்த வாரம் தாண்டவில்லை.

தாய்மாமன் கோடித்துணி நான்தான் போட்டேன். துக்கம் முடிந்ததும் அன்னக்கொடி சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பேங்க் வருகிற பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது. "இத யாருக்கும் விட்றாதண்ணே. பேங்குல இருக்கவுகளுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்ல. நீயும் உள்ள போகாத. எனக்கு இருக்கது நீ ஒருத்தந்தான்." இதையே எல்லாரிடமும் சொன்னாள். பேங்க்காரர்கள் காதுக்கும் போனது. ரோட்டில் தள்ளி வேறு கட்டடம் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போதும் வெள்ளிக்கிழமை வருகிறாள். அந்த ஷட்டர் முன்னால் சூடம் கொளுத்தி, எனக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்று என் தலையைச் சுற்றிப் போடுகிறாள். நான் தலையைக் குனிந்து நிற்கிறேன். சாயங்காலம் பள்ளிக்கூட பஸ் நிற்கும்போது மட்டும் இந்த நாற்காலியில் உட்கார முடிவதில்லை. மடி சும்மா இருக்கிறது. அழுகை வந்துவிடுகிறது.

பழம் வைத்தது நான். நோய் இன்னதென்று தெரிந்தும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதது நான். இதை அவளிடம் சொல்ல முடியாது, தாங்க மாட்டாள். உங்களிடம் சொன்னது, நீங்கள் அந்தக் கடையைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பதற்காக.

டீக்கடையை ஒட்டி இருக்கிறதை எடுத்துக்கொள்ளுங்கள். முனைக் கடை என் தங்கச்சிக்குச் சீராகக் கொடுத்தது. கொடுத்த சீரைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.