அப்பாசாமி அண்ணனின் ஆபரேஷன்

பலகையில் காய் வெட்டி ஆடும் டாம் ஆட்டத்தில் தோற்பது பெரிய அவமானம் ஒன்றுமில்லை. ஒரே ஆளிடம் வருஷக்கணக்காகத் தோற்றால்தான் கொஞ்சம் அலுப்புத் தட்டும்.

டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெசர் ஐயா, ஆஸ்பத்திரி வாசலில் என்னை ஒன்று கேட்டீர்கள். ஆபரேஷனே நடக்காதபோது, நடந்துவிட்டது என்று அப்பாசாமி ஏன் அப்படிச் சாதித்தார் என்று. பக்கத்தில் ருக்மணி அண்ணி நின்றதால் தெரியாது என்றேன். இப்போது சாவகாசமாகச் சொல்கிறேன்.

அண்ணனும் நானும் மலாக்கா டவுனில் சாக்கடை வெட்டும் கூட்டாளிகள். காஜா பெராங்கில் அடுத்தடுத்த வீடு. வேலை விட்டதும் சீனர் கோப்பிக் கடையில் பலகையைப் போட்டு, சோடா மூடிகளைக் காய்களாக வைத்து ஆடுவோம். ஜெயித்ததும் என்னிடமிருந்து வெட்டிய காய்களை அள்ளி என் சட்டைப் பையில் போடுவார்.

"தொர, இதுங்கள வீட்டுக்குக் கொண்டுபோயி சோறு போட்டு வளத்துட்டு வா. பெருசானதும் ஆடலாம்."

கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். முதுகு வலியோடு சிரிப்பதும் ஒரு வேலைதான்.

மெர்டேக்கா வந்த வருஷம் அவருக்கு மறதி வந்தது. முதலில் மண்வெட்டியை மறந்தார், பிறகு சாப்பிட்டதை மறந்தார். மூளையில் கட்டி என்றார் டாக்டர். சிங்கப்பூர் போய் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், ஞாபகமும் பெரும்பாலும் திரும்பிவிடும். விட்டுவிட்டால் முதலில் கண் போகும், பிறகு ஆள் போவார். என் முன்னால்தான் சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

ஆனால் அந்த மறதி அண்ணனுக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பதை டாக்டர் பார்க்கவில்லை.

"டேய் தொர, வெள்ளக்காரன் போயிட்டானா இல்லியா?"

"போயிட்டான்ணே. கொடியெல்லாம் ஏத்தியாச்சு."

உடனே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கையை உயர்த்தி மெர்டேக்கா என்று முழங்குவார். கடைக்காரத் தவுக்கேயும் கோப்பித் துணியைத் தூக்கிக் காட்டுவார். நாட்டுக்கு ஒருமுறைதான் விடுதலை கிடைத்தது. அண்ணனுக்குத் தினமும் சாயங்காலம் கிடைத்தது.

ஆட்டத்திலும் அப்படித்தான். தான் போட்ட கணக்கு பாதியில் மறந்துபோகும். நான் ஜெயிப்பேன். அவர் கோபப்படமாட்டார்.

"அட, கடைசியில ஜெயிச்சிட்டியேலா. தவுக்கே, இவனுக்கு ஒரு கோப்பி ஓ போடு. இன்னிக்குத்தான் மொத தடவையா என்னைச் சாய்ச்சிருக்கான்."

மறுநாளும் அதுதான் முதல் தடவை. காலமெல்லாம் சேறு அள்ளிய எனக்கு, முதுகில் தட்டிப் பாராட்டியவர் வேறு யாருமில்லை.

அண்ணிதான் இந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தார். "தலைக்குள்ள கட்டி இருக்குங்க, சிங்கப்பூர் போவணும்" என்று காலையில் சொல்வார். அண்ணனுக்கு அது தினமும் புதுச் செய்தி. தினமும் புதிதாக அழுவார். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"அதெல்லாம் வெட்டி எடுத்தாச்சுண்ணே. தழும்பத் தொட்டுப் பாருங்க."

எப்போதோ சாக்கடைக் கல் பட்ட தழும்பு, காதுக்கு மேலே. தடவிப் பார்த்தார்.

"எடுத்துட்டாங்களா? வலிக்கவே இல்லலா."

முகம் தெளிந்துவிட்டது. இதில் என்ன பாவம்?

ஒருநாளோடு விட்டிருந்தால் மறந்திருப்பார். ஞாபகம் திரும்பினால் என்ன ஆகும் என்று நானும் யோசித்தேன். மறுபடி என் பையில் சோடா மூடிகள் விழும். அதற்காகச் செய்தேன் என்று நினைக்கவேண்டாம். அவர் அழக்கூடாது, அவ்வளவுதான்.

நான் தலை நரைத்தபிறகு இரவுப் பள்ளியில் எழுத்துப் படித்தவன். புத்தியில் தங்காததைக்கூடத் தினமும் செய்தால் விரல் கற்றுக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே தினமும் அண்ணி குளிக்கப் போகும் நேரத்தில் உள்ளே நுழைந்து, அண்ணன் விரலைத் தழும்பின் மேல் வைத்து "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்பேன். முதலில் விழித்தார். பிறகு, "என்னமோ வெட்டுனாங்க." பிறகு நான் கேட்டதுமே விரல் தானாகப் போனது. "ஆபரேஷன் ஆயிடுச்சுலா." நல்ல மாணவர்.

சிங்கப்பூருக்கு அனுப்ப அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த அன்று நீங்களே பார்த்தீர்கள். டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஏறமாட்டேன் என்றார்.

"ஒருதடவ வெட்டுனது போதாதா? என் தல என்ன பலாப்பழமா, வர்றவனெல்லாம் பொளக்குறதுக்கு?"

அண்ணி காலைப் பிடித்துக் கெஞ்சினார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தொர, நீ சொல்லு. ஆயிடுச்சா இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏறியிருப்பார். என் சொல்லைத் தட்டமாட்டார்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். மூத்தவரை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

மாட்டேன் என்கிற ஆளின் தலையில் கத்தி வைக்கமாட்டார்கள் என்றார் டாக்டர். டாக்சி காலியாகத் திரும்பியது.

கார்த்திகையில் கண் போனது. தலைவலி வந்தால் ஆட்டத்தின் நடுவில் நெற்றியைப் பலகையில் வைத்துக்கொள்வார். விடும்வரை காத்திருப்பேன், அவசரப்படுத்தியதில்லை. தையில் போய்ச் சேர்ந்தார். முந்தின நாளும் எனக்குக் கோப்பி சொன்னார்.

இறப்புச் சீட்டில் கட்டியால் இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கொன்றேன் என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றையும் மறக்காமல் எழுதுங்கள். பார்வை போனபிறகு அவர் சொல்லச் சொல்ல, அவர் காய்களையும் நான்தான் நகர்த்தினேன். ஒரு காயைக்கூட இடம் மாற்றி வைக்கவில்லை. அத்தனை ஆட்டமும் நான் நியாயமாக ஜெயித்தவை.