இரண்டு தபால்காரர்கள்

— அந்த விளக்கைக் கொஞ்சம் இப்படித் திருப்பும்மா. ம்... மூக்கு மேல கோடே இல்லை. அச்சோட ரெண்டு பாதியும் காதுக்குப் பின்னால சேருது. வார்த்தவங்களுக்கு மூளை இருக்கு.

— சிவப்புப் பெட்டிதானே சார் எடுத்தீங்க?

— ஆமா. எது உன்னுது, எது மத்தவன்துன்னு வாயைத் திறக்காதே, சரியா? ரெண்டுலயும் சைக்கிள் தள்ளிட்டுப் போற தபால்காரர்தான். பத்திரிகைக்காகப் பதினோரு வருஷமா இந்த மாதிரி ஈயப் பொம்மைங்களுக்கு மார்க் போடறேன். இதைக்கூடக் கண்டுபிடிக்க மாட்டேனா?

— சொல்லலை. நீங்களே பாருங்க.

— தொப்பி பட்டன் வரைக்கும் ஈயம் போய்ச் சேர்ந்திருக்கு. முழங்கைகிட்ட மட்டும் துளி பிசிறு, நகத்தால கிள்ளினா வந்துரும். தனியா வார்த்த தலை கழுத்துல எப்படி உக்காருது பாரு, டக்குனு! பசையே வேண்டாம் போல.

— சரி, நீலப் பெட்டி?

— இரு, திறக்கறேன்... அட.

— என்ன சார்?

— ஒண்ணுமில்லை. மொழுக்குனு இருக்கு. முகம் கரைஞ்ச சோப்பு மாதிரி. அந்த வெர்னியர் அளவுகோலை எடு. சிவப்புப் பெட்டி ஆள் உயரம் சரியா அம்பத்திநாலு மில்லிமீட்டர். இவர் அம்பத்திமூணரைகூட இல்லை, சரியா?

— அதனால?

— ஈயம் ஆறும்போது சுருங்கும். அப்படிச் சுருங்கின பொம்மையை வச்சே திரும்ப அச்செடுத்தா இன்னும் ஒரு சுத்து சுருங்கும். இது நகல்மா. தோள்ல பாரு, ரெண்டு கோடு ஓடுது. ஒண்ணு இந்த அச்சோடது, இன்னொண்ணு பழைய அச்சோடது. அரம் போட்டுத் தேய்க்கக்கூட சோம்பல்.

— என் பொம்மையில இருந்துதான் எடுத்திருக்கானா?

— சந்தேகமே வேண்டாம்.

— ஆறு மாசம் செதுக்கினேன் சார். பகல் பூரா பல் லேப்ல யார் யார் வாய்க்கோ பல் வார்த்துட்டு, சாயங்காலம் வந்து இதுல உக்காருவேன். வேலையை விட்டுட்டு இதையே பண்ணலாம்னு ராஜினாமாக் கடிதம்கூட எழுதி வச்சிருந்தேன். இப்ப கடைக்காரர் என்னடான்னா, அதே பொம்மை மலிவா வருதே, உன்னுது எதுக்குங்கறார்.

— அவர் கேக்கறது அவருக்குச் சரிதான்.

— நீங்களும் இப்படிப் பேசறீங்களே! சரி விடுங்க. வேற ஏதாவது தெரியுதா?

— முன் சக்கரம்.

— அதுல என்ன?

— ஒரு கம்பி மட்டும் தடியா இருக்கு. அச்செடுக்கப் போன பொம்மையில அந்தக் கம்பியே வந்திருக்காது. வேற கம்பித் துண்டை ஒட்டிட்டு அச்செடுத்திருக்கான்.

— நிச்சயமாவா சார்?

— எழுதியே தரேன்.

— ஏற்கெனவே எழுதியிருக்கீங்க. போன வருஷம், பத்திரிகையில, இதே தபால்காரரைப் பத்தி. எனக்கு மனப்பாடம். "முன் சக்கரத்தில் ஒரு கம்பிக்கு உலோகம் எட்டவில்லை, மற்றபடி குறை சொல்ல இடமில்லை." அது என் முதல் வார்ப்பு சார். அடுத்ததுலேர்ந்து ஈயம் போற வழியைப் பெருசாக்கிட்டேன். அந்தக் குறையோட வெளியில போனது ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் உங்க வீட்டுக்கு.

— ஆமா.

— எங்க அது? அலமாரியில காணோமே?

— என் சம்சாரத்தோட தம்பிகிட்ட குடுத்தேன். அவன் இருந்த பட்டறையை மூடிட்டாங்க. வார்க்கத் தெரியும், செதுக்க வராது. பாத்துட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனான்.

— எதுக்கு வாங்கறார்னு உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சேவா? அப்புறம் எதுக்கு சார் அந்தக் கம்பியைப் பத்திச் சொன்னீங்க? நான் அதைக் கவனிக்கவே இல்லையே! நீங்க விட்டிருந்தா, யாரோ எங்கயோ பண்ணினான்னு எழுந்து போயிருப்பேன்.

— நீலப் பெட்டியைத் திறந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. ஆனா நீ கேட்டது வார்ப்பைப் பத்தியாச்சே. அதுல மட்டும் எனக்குப் பொய் வராது.