சந்தனம் அப்பிய புல்வெட்டி

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தவறுதான், அன்றும் கேட்டேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, மர்பி டவுனில் பேருந்து ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் மெஷினை கணவர் நிமிர்த்திப் பிடித்திருந்தார். அதன் உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம்.

"நேத்து நீ பூஜை போட்டதுல இருந்து இது மூச்சே விடல, செல்வி. கயிறு இழுத்து இழுத்துத் தோளே கழண்டுடுச்சு."

"பெட்ரோல்ல ஆயில் கலந்தியா?"

"கலக்காம? இன்னிக்கு அந்த ஆபீஸ் புல்ல வெட்டலன்னா கான்ட்ராக்ட் வேற ஆளுக்குப் போயிடும்."

"சும்னே டென்ஷன் ஆவாத. இது எந்தப் பக்கமா காத்து இழுக்கும்?"

"தோ, இந்த ஓட்டைங்க வழியாத்தான்."

"அய்யய்யோ! அங்கதான்யா பொட்டு வெக்க வாட்டமா இருந்துச்சு. கெட்டியா அப்பிட்டேன்!"

அவர் முறைத்தார். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். காய்ந்த சந்தனத்தை அவள் கொண்டை ஊசியால் நோண்டி எடுத்தாள். இறங்கியதும் அவர் நடைபாதையிலேயே கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் மெஷின் அலறியது. பேருந்தே கைதட்டியது. கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார்.

அந்தச் சத்தத்தையும் மீறி அவள் கத்தினாள்:

"பாத்தியா, நான் போட்ட பூஜை வீண்போவல!"