முதலாளி கட்டிய பங்கு

சின்னசேலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க மில்லு மொதலாளி செத்தப்புறமும் எனக்கு பி.எஃப். கட்டினாருக்கா" என்றாள் இளையவள்.

"இன்னாடி சொல்ற? செத்தவரு எப்பிடி கட்டுவாரு?"

"போன வருசமே கம்ப்யூட்டர்ல சம்பளத்தோட பி.எஃப்.ஐயும் சேத்து செட் பண்ணி வுட்டுட்டாருக்கா. சம்பளம் பேங்க்ல ஏறுனா அதுவும் தானா போயிடும், யாரும் தொடவேணாம். அன்னிக்கு சம்பள நாளு. அவரு ஐஸ் பெட்டியில இருக்காரு, நாங்கல்லாம் சுத்தி ஒக்காந்து அழுதுகினு இருக்கோம். அப்ப மெசேஜ் வருது, அவரு பங்கும் சேந்துடுச்சுன்னு. அங்க இருந்த அத்தினி பேரு போன்லயும்!"

மூத்தவள் கன்னத்தில் கைவைத்தாள். "அப்புறம்?"

"எல்லாரும் அழுகைய நிறுத்திட்டு அவரு மூஞ்சியப் பாத்தோம்."