ஏச்சுக் கிணறு

ரயிலு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத காலம். காத்தடிச்சா செம்மண்ணு பறந்து வந்து சோத்துல விழுந்த காலம். அந்தக் காலத்துல கருக்குவிளை, கருக்குவிளைன்னு ஒரு ஊரு. வேற எங்கயும் இல்ல, இதே ஊருதான். அன்னைக்கும் மேலத்தெரு ஒண்ணு, கீழத்தெரு ஒண்ணு. நடுவுல வேதக்கோயிலு. கோயிலுக்குப் பின்னால கிணறு.

சுத்துப்பட்டுல எங்க தோண்டுனாலும் உப்புத் தண்ணி. இந்த ஒரு கிணத்துல மட்டும் நல்ல தண்ணி. அதை வெட்டுனது யாரு? ரெண்டு தெருவும் சேந்து வெட்டுச்சு. இறங்கி வெட்டுனது யாரு? கீழத்தெருப் பனையேறிக. எட்டாள் ஆழத்துல ஒரு நாள் மண்ணு சரிஞ்சு ஒருத்தன் மேல விழுந்துது. அவன் பேரு சுவிசேசமுத்து. அவனைத் தோண்டி எடுக்க ரெண்டு நாளாச்சுன்னு சொல்லுதாவ. அவன் பொண்டாட்டி பேரு பரிபூரணம். பூரணம், பூரணம்னு கூப்பிடுவாவ. அவ கதைதான் இது.

மழை இல்லாம மூணாவது வருசம். கோயில் முக்கந்தரா இருந்தாரு ஒரு பண்ணையாரு. முக்கந்தர்னா கோயிலுக்குப் பெரிய ஆளு, அவரு வச்சதுதான் சட்டம். பேரு மாசிலாமணி. பேரைக் கேட்டுக்கோங்க, மனசுல வச்சுக்கோங்க. அவருக்கு மேற்க வெத்திலைக் கொடிக்கால் இருந்துது. கொடி வாடுதுன்னு சொல்லி, கிணத்தைச் சுத்தி ஆளுயரத்துக்குச் சுவரு வச்சாரு. ரெண்டு பனந்தூண நட்டாரு. பனஞ்சட்டத்துல கதவு போட்டாரு. கை அகலத்துக்கு ஒரு பூட்டு. சாவி அவரு இடுப்புல.

ஒருத்தன் செத்து வெட்டுன கிணறுய்யா. அதுக்குப் பூட்டு போட கை எப்படி வந்துது? இத்தனை வருசம் கழிச்சுச் சொல்லும்போதும் எனக்கு வயிறு எரியுது.

அதோட விட்டாரா? விடல. கீழத்தெருவுக்கு ஒரு தர்மம் பண்ணுதாராம். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வந்து, உக்காந்து, பாட்டெல்லாம் பாடி முடிச்சா, வீட்டுக்கு ஒரு குடம். வாரத்துக்கு ஒரு குடம். மத்த ஆறு நாளும் உப்புத் தண்ணி குடிக்கணும். பாடாதவனுக்கு அந்த ஒரு குடமும் கிடையாது. சாமிக்குப் பாடுத பாட்டைத் தண்ணிக்குப் பாட வச்சாரு அந்த மனுசன்.

உப்புத் தண்ணி குடிச்சுக் கீழத்தெருப் பிள்ளைகளுக்கு வயிறு போச்சு. ஆவணியில ஒண்ணைப் புதைச்சாவ. ஐப்பசியில ஒண்ணைப் புதைச்சாவ. மார்கழியில பூரணத்தோட மக படுத்துட்டா. அஞ்சு வயசு, மார்த்தாள்னு பேரு. பூரணத்துக்கு இருந்தது அந்த ஒண்ணுதான்.

வருசப் பிறப்பு வந்துது. வருசப் பிறப்பன்னைக்குக் காலையில நம்ம கோயில்ல என்ன நடக்கும்? வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். அன்னைக்கும் எடுத்தாவ. அச்சடிச்ச அட்டை ஏது அப்ப? பனையோலையை நறுக்கி, கோயில்ல ஜெபம் நடத்துத உபதேசியார் வேதவசனத்தை எழுத்தாணியால எழுதி, நார்ப்பெட்டியில போட்டு வைப்பாரு. வீட்டுக்கு ஒருத்தர் வந்து எடுக்கணும். உபதேசியார் அதை வாங்கிச் சத்தமா வாசிப்பாரு. வருசம் முழுக்க அந்த வசனந்தான் அந்த வீட்டுக்கு. வாசல் நிலையில சொருகி வச்சுக்கிடுவாவ.

உபதேசியார் பேரு தேவவரம். நல்ல மனுசன், பயந்த மனுசன். அவருக்கு அரிசி வாறது பண்ணையார் வீட்டுல இருந்து. தீர்க்கதரிசிமாருக்க பொஸ்தகத்தைத் திறந்தா, தேத்துத வரியை மட்டும் பொறுக்கி எடுப்பாரு. உன் கையைப் பிடிச்சிருக்கேன், உன்னைச் சுமப்பேன், பயப்படாதே. இந்த மாதிரி. அதுக்கு முன்னால நாலு அதிகாரம் சாமி ஏசியிருப்பாரே, அதை ஓலையில ஏத்தவே மாட்டாரு.

அந்த வருசம் ஒரு சீட்டு குறைஞ்சு போச்சாம். ஒரு வீட்டுல புதுசாத் தனிக்குடித்தனம் போனாவளாம். மணி அடிச்சிட்டாவ, நேரமில்ல, திறந்த பக்கத்துல கண்ணு பட்ட வரியை எழுதிப் போட்டுட்டாருன்னு சொல்லுதாவ. அப்படி இல்ல, மனசாட்சி குத்தி வேணும்னேதான் எழுதினாருன்னும் சொல்லுதாவ. எனக்குத் தெரியாது. சீட்டு பெட்டிக்குள்ள போச்சு. அது தெரியும்.

மேலத்தெரு எடுத்துது. எல்லாம் தித்திப்பு. கீழத்தெரு எடுத்துது. அதுவும் தித்திப்பு. கடைசிக்கு முன்னால பூரணம் வந்தா. கையை விட்டா, எடுத்தா, குடுத்தா. உபதேசியார் பாத்தாரு. ஓலையைப் பெட்டிக்கே திருப்பிக் கொண்டு போனாரு.

"வாசியும் ஐயா"ன்னா பூரணம்.

வாசிச்சாரு. உங்க பண்டிகையைக் கண்டா எனக்கு வெறுப்பா இருக்கு, உங்க பாட்டுச் சத்தத்தை என் முன்னால இருந்து எடுத்துட்டுப் போங்க, நியாயம் தண்ணியா ஓடட்டும், நீதி வத்தாத ஆறா வரட்டும். அந்த மாதிரி இருந்துது அதுல.

முன்வரிசையில இருந்து பண்ணையார் எந்திச்சாரு. "ஏட்டி பூரணம், அது நமக்குள்ளது இல்ல. அந்தக் காலத்து யூதருக்குச் சொன்னது. பெட்டியில போட்டுட்டு வேற எடு."

பக்கத்துல இருந்த பொம்பளைகளும் சேலையைப் பிடிச்சு இழுத்தாவ. "திருப்பிப் போட்டுரு பூரணம். பிள்ளை வேற படுத்துக் கிடக்கா. இது ஏச்சுச் சீட்டு, வீட்டுக்கு ஆகாது."

பூரணம் அசையல. "இதைச் சொன்னது யாரு ஐயா?"

"ஆமோஸ்"னாரு உபதேசியார்.

"அவரு யாரு? பெரிய வீட்டு ஆளா?"

"இல்லம்மா. ஆடு மேச்சவரு. மரத்துல அத்திப்பழம் பாத்துப் பொழைச்சவரு."

"மரத்துல பாடுபட்டவரா? அப்ப எங்க ஆளு"ன்னா பூரணம். "எனக்கு வந்தது எனக்கு. குடும்."

ஓலையை வாங்கினா, இடுப்புல சொருகினா, போயிட்டா.

மறுநாள் உபதேசியார் அவ வீட்டுக்கு வந்தாரு. மனசு கேக்கல அவருக்கு. "பூரணம், அது சாபம் மாதிரி இருக்கும்மா. நான் ஒரு நல்ல வசனம் எழுதித் தாறேன்"னாரு.

பூரணத்துக்கு வந்துது பாருங்க ஒரு கோவம். "நல்ல வசனம் எல்லா வீட்டு நிலையிலயும் தொங்குது ஐயா. தண்ணி எந்த வீட்டுல இருக்கு? ரெண்டு பிள்ளையப் புதைச்சோமே, அந்த ரெண்டு வீட்டுலயும் என்ன சீட்டு தொங்குச்சு? பயப்படாதேன்னுதானே தொங்குச்சு? எனக்கு வந்த சீட்டுலதான் தண்ணின்னு ஒரு வார்த்தை இருக்கு. இதையா திருப்பித் தரச் சொல்லுதீரு?"

மறுபடியும் அவளே கேட்டா. "அந்த ஆமோசு ஏசிட்டு அதோட போயிட்டாரா? கடைசியில என்ன சொல்லுதாரு?"

உபதேசியார் அங்கேயே உக்காந்து பொஸ்தகத்தைப் பிரிச்சாரு. கடைசிப் பக்கம் பாத்தாரு. "விழுந்துபோன குடிசையை மறுபடி எடுத்துக் கட்டுவேன்னு சாமி சொன்னதா முடிக்காரு."

"ஏசாயா தீர்க்கதரிசி?"

"அவரும் ஏசுதாரு. கடைசியில வீட்டுக்குக் கூப்பிடுதாரு."

"எரேமியா?"

"அவரும் அப்படித்தாம்மா."

பூரணம் மகளுக்கு வாயைத் துடைச்சு விட்டா. அப்புறம் சொன்னா. "விட்டுட்டுப் போறவன் ஏச மாட்டான் ஐயா. பேசாமப் போயிருவான். இந்த அளவு ஏசுதாருன்னா அவரு இன்னும் இந்த ஊரை விடல. நான் நினைச்சேன், என் புருசனோட சேத்துச் சாமியும் அந்த மண்ணுக்குள்ள போயிட்டாருன்னு. இல்ல. இருக்காரு. கோவமா இருக்காரு. எனக்கு அது போதும்."

உபதேசியார் அழுதாருன்னு சொல்லுதாவ. அழட்டும். அழ வேண்டிய ஆளுதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மணி அடிச்சுது. எல்லாரும் கோயிலுக்குள்ள போனாவ. பூரணம் போகல. வெறுங்குடத்தை எடுத்துட்டு நேரா கிணத்துக்குப் போனா. பூட்டின கதவுக்கு முன்னால குடத்தை வச்சா, மகளை மடியில போட்டுட்டு உக்காந்தா. உள்ள பாட்டு நடக்கு. வெளிய இவ உக்காந்திருக்கா.

பண்ணையார் ஆள் விட்டாரு. "ஏன் பாட வரல?"

"பாட்டை எடுத்துட்டுப் போன்னு எனக்குச் சீட்டு வந்திருக்கு. தண்ணி ஓடட்டும், பாடுதேன்."

"அப்ப உனக்குக் குடம் கிடையாது."

"சரி"ன்னா.

சரின்னு சொல்லிட்டா, ஆனா மடியில பிள்ளை கிடக்கு. அந்த வாரம் பூராவும் பக்கத்து வீட்டுப் பொம்பளைக முந்தானைக்குள்ள செம்பை மறைச்சு ஆளுக்கு ஒரு மடக்குக் கொண்டுவந்து ஊத்துனாவ. ஊத்திட்டு, "பிடிவாதத்தை விடு பூரணம், பிள்ளை போயிரும்"னு அழுதாவ. அவளும் அழுதா. வீட்டுல உக்காந்து ஓலையைக் கையில வச்சுக்கிட்டு, "நீரு சொன்ன சொல்லுதானே? நீருதானே சொன்னீரு?"ன்னு சாமிகிட்ட சண்டை போட்டாளாம்.

ரெண்டாவது ஞாயிறு கிணத்தடியில மூணு வெறுங்குடம். மூணாவது ஞாயிறு பதினோரு வெறுங்குடம். நாலாவது ஞாயிறு கீழத்தெருப் பொம்பளை ஒருத்திகூட கோயிலுக்குள்ள இல்ல, ஆம்பளைகளும் வரல. அத்தனை குடமும் கிணத்தடியில. அன்னைக்குத்தான் அசனப் பண்டிகை. ஊரே ஒரு பந்தியில உக்காந்து சாப்பிடுத நாளு. ஆக்குததும் அவளுகதான், எறைக்கிறதும் அவளுகதான், பாடுததும் அவளுகதான். ஒரு அடுப்பும் எரியல.

கோயிலுக்குள்ள மேலத்தெரு மட்டும் உக்காந்திருக்கு. பாட்டு எடுக்க ஆளில்ல. பண்ணையார் தானே எடுத்தாரு. ஒரு அடி பாடுனாரு. யாரும் தொடரல. ரெண்டாவது அடி பாடுனாரு. அவரு தொண்டை அவருக்கே கேட்டிருக்கும். நிறுத்திட்டாரு.

"பாடத்தை வாசியும்"னாரு உபதேசியாரைப் பாத்து.

தேவவரம் உபதேசியார் எந்திச்சாரு. பொஸ்தகத்தைத் தூக்குனாரு. பீடத்துல வைக்கல. நடந்தாரு. நடு வழியில நடந்து, வாசலைத் தாண்டி, கிணத்தடிக்கு வந்தாரு. வெறுங்குடங்களுக்கு நடுவுல நின்னுக்கிட்டு ஆமோசை முதல்ல இருந்து கடைசி வரை வாசிச்சாரு. ஒரு வரி விடல. ஏழையை மிதிக்கிறவனுக்கு விழுந்த ஏச்சு ஒவ்வொண்ணும் கோயில் சுவருல பட்டு உள்ள போச்சு. கடைசியில குடிசையை எடுத்துக் கட்டுத இடம் வந்தபோது பூரணம் "ஆமென்"னா. அவருக்கு வந்த அரிசி அன்னைக்கோட நின்னுது. அதுக்கப்புறம் சாகிறவரைக்கும் கீழத்தெருதான் அவருக்குச் சோறு போட்டுதுன்னு சொல்லுதாவ.

பண்ணையார் வெளிய வந்தாரு. மூஞ்சி சிவந்து கிடக்கு. மனந்திரும்பி வந்தாருன்னு இப்ப சிலபேரு சொல்லுதாவ. பொய்யி. எனக்குச் சொன்னவிய அப்படிச் சொல்லல. இடுப்புல இருந்து சாவியை உருவினாரு, எல்லாரும் பாக்க ஓங்கிச் சுவருக்கு மேல எறிஞ்சாரு. சாவி கிணத்துக்குள்ள விழுந்த சத்தம் கேட்டுது. "இனி எவளும் திறக்க முடியாது. செத்துப் போங்க"ன்னாரு.

அதுதான் அவரு நியாயம். தன் கொடிக்கால் கருகினாலும் சரி, இவளுக குடிக்கக் கூடாது.

பொம்பளைக அழ ஆரம்பிச்சாவ. பூரணம் அழல. பிள்ளையை ஒருத்தி கையில குடுத்துட்டு, போய் அந்தப் பனந்தூணுக்கு முன்னால மண்டி போட்டா. ஜெபம் பண்ணுதான்னு நினைச்சாவ. அவ ரெண்டு கையாலயும் மண்ணைப் பறிச்சா.

அவ புருசன் உயிரோட இருக்கும்போது சொல்லுவானாம், தேரிச் செம்மணலுக்குப் பிடிமானம் கிடையாது, நட்டது நிக்கணும்னா ஆளாழம் போகணும்னு. பண்ணையார் அவசரத்துல முழ ஆழந்தான் நட்டிருந்தாரு. குனிஞ்சு மண்ணுல கை வச்சவனுக்குல்ல அது தெரியும்? பூரணம் பறிச்சா. இன்னொருத்தி வந்து பறிச்சா. அத்தனை பேரும் வந்து பறிச்சாவ. அவ புருசனை மூடுன அதே மண்ணு, பொலபொலன்னு விட்டுக் குடுத்துது. தூணு ரெண்டும் சாஞ்சு, கதவு மொத்தமா மண்ணுல விழுந்துது. பூட்டு பூட்டினபடியே கிடந்துது.

பூரணம் அந்தக் கதவு மேல ஏறி நின்னு தண்ணி எறைச்சா. முதல் வாய் மார்த்தாளுக்கு. அப்புறம் வந்தவியளுக்கெல்லாம். கடைசி ஆள் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அவ பாடல. குடிச்சு முடிச்சதுக்கப்புறம் பாடுனா. மூணு வருசத்துல இல்லாத பாட்டா இருந்துதாம் அது.

மார்த்தாள் பொழைச்சா. பண்ணையார் ரெண்டு வாரம் முறுக்கிக்கிட்டு இருந்தாரு. மூணாவது வாரம் அவரும் குடத்தோட வந்து வரிசையில கடைசியா நின்னாரு. பூரணம் எறைச்சு ஊத்துனா. அவரை நான் மன்னிக்கல. அவ மன்னிச்சாளான்னும் எனக்குத் தெரியாது. தண்ணி குடுத்தா.

அன்னையில இருந்து அதுக்குப் பேரு ஏச்சுக் கிணறு. வெளியூர்க்காரனுக்கு விநோதமா இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். கிணத்தடியில கால் வைக்கிற இடத்துல ஒரு பனஞ்சட்டம் பதிஞ்சு கிடக்கே, துருப்பிடிச்ச பூட்டோட, அது அந்தக் கதவுதான். நின்னு நின்னு தேஞ்சு போச்சு. பூட்டு இன்னும் திறக்கல. வருசப் பிறப்புப் பெட்டியில அன்னையில இருந்து ஒரு ஏச்சுச் சீட்டு போடுதோம். எடுத்த வீடு அதைத் திருப்பிப் போடக் கூடாது. அந்த வீட்டுக்காரன் கதவு மேல நின்னு ஊருக்கெல்லாம் தண்ணி எறைக்கணும், கடைசி ஆள் குடிச்ச பிறகுதான் வருசத்துப் பாட்டைத் தொடங்கணும்.

இப்ப கோயில் கமிட்டியில புதுசா வந்தவிய, பூப்படம் போட்டு வழவழன்னு அட்டை அச்சடிச்சு வச்சிருக்காவ. ஏச்சுச் சீட்டு வேண்டாமாம். ஜனங்களுக்கு மனசு சங்கடப்படுதாம். எந்த ஜனங்களுக்குய்யா? மார்த்தாள் வயித்துல வந்த பேரப்பிள்ளைக நாப்பது பேரு இந்தக் கோயில்ல உக்காந்திருக்கோம். எங்க ஒருத்தருக்கும் சங்கடம் இல்ல. நேத்து நான் ஓலை நறுக்கி, ஆமோசைத் திறந்து, என் கையால எழுதிப் பெட்டியில போட்டுட்டேன். அடியில கிடக்கு. யாருக்கு வருதோ வாங்கிட்டு, குடத்தை எடுத்துட்டுக் கிணத்தடிக்கு வாங்க.